90-ல் நடுங்கும் ஸ்டீயரிங்... அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடுமா?

தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டும் தாண்டியாயிற்று. நெரிசல் குறைந்து, சாலை விரிந்து, கார் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. பின் சீட்டில் பாட்டி கண் அசந்துவிட்டார். பேரன் செல்போனில் மூழ்கிவிட்டான். முன் சீட்டில் இருக்கும் மனைவிதான் முதலில் கவனிக்கிறார்.

"என்னங்க, உங்க கை ஏன் இப்படி நடுங்குது?"

"கை இல்லம்மா... ஸ்டீயரிங் நடுங்குது."

85-ல் லேசாகத் தொடங்கிய நடுக்கம், 90-ல் நன்றாகவே தெரிகிறது. 105-ஐத் தாண்டினால் குறைகிறது. மீண்டும் 90-க்கு வந்தால் திரும்பி வருகிறது. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. இன்ஜினில் வேறு சத்தமும் இல்லை. "ரோடு சரியில்ல போல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு திருச்சி வரை போய்த் திரும்பியாகிவிட்டது.

சென்னை திரும்பியதும் டயர் கடை. "அலைன்மென்ட் பண்ணிடலாம் சார்" என்றார் கடைத் தம்பி. செய்தார்கள், காசும் கொடுத்தாயிற்று. ஊருக்குள் ஓட்டும்போது கார் வெண்ணெய் போலப் போனது. அடுத்த மாதம் மறுபடியும் ஊர்ப் பயணம். செங்கல்பட்டைத் தாண்டியதும் அதே 85, அதே நடுக்கம்.

கார் வைத்திருக்கும் பல வீடுகளுக்குப் பழக்கமான காட்சிதான் இது. ஸ்டீயரிங் நடுக்கத்துக்குக் காரணங்கள் பத்துக்கு மேல் இருக்கலாம். ஆனால், ஒவ்வொரு காரணமும் தனக்கென்று ஒரு நேரத்தை வைத்திருக்கிறது. எந்த வேகத்தில், எந்தச் சூழ்நிலையில் நடுங்குகிறது என்பதை ஓட்டுபவர் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தக் குடும்பத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

ஊருக்குள் வராத நடுக்கம் ஹைவேயில் மட்டும் ஏன்?

வீட்டு வாஷிங் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரப் போர்வை ஒரே பக்கமாக ஒதுங்கிவிட்டால், துவைக்கும்போது ஒன்றும் தெரியாது. பிழிவதற்காக டிரம் வேகமெடுத்துச் சுற்றும்போதுதான் மெஷின் குதிக்க ஆரம்பிக்கும். கார் சக்கரத்திலும் நடப்பது இதுதான்.

ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரின் டயர் ஒரு முறை சுற்றினால் கார் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகரும். 90 கி.மீ வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். அப்படியானால் சக்கரம் ஒரு விநாடிக்குள் சுமார் 14 முறை சுற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? நிறுத்தி வைத்திருக்கும்போது ஒன்றும் ஆகாது. 50 கி.மீ வேகத்தில் அது ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான விசையோடு சக்கரத்தை இழுக்கும். 100 கி.மீ வேகத்தில் அந்த இழுப்பு சுமார் 5 கிலோ! வேகம் இரண்டு மடங்கானால் இழுக்கும் விசை நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் கணக்கு. விநாடிக்கு 15 முறை, ஒவ்வொரு முறையும் வேறு திசையில் 5 கிலோ இழுப்பு என்றால், ஸ்டீயரிங் ஆடாமல் என்ன செய்யும்?

சரி, 105-ஐத் தாண்டினால் ஏன் குறைகிறது? ஊஞ்சலுக்கு ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் உயரப் போகும். அதைவிட வேகமாகத் தள்ளினால் பெரிதாக ஆடாது. காரின் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் இப்படி ஓர் இயல்பான தாளம் இருக்கிறது. பொதுவாக அது விநாடிக்கு 10 முதல் 15 அதிர்வுகள். 80-க்கும் 110-க்கும் இடைப்பட்ட வேகத்தில் சக்கரம் சுற்றுவதும் இந்தத் தாளமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் நடுக்கம் அந்த வேகத்தில் உச்சத்துக்குப் போகிறது. வேகம் கூட்டியதும் நடுக்கம் அடங்கினால் கோளாறு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் கேள்வி: ஆடுவது ஸ்டீயரிங்கா, சீட்டா?

கோளாறு முன் சக்கரத்திலா, பின் சக்கரத்திலா என்பதைக் காசு செலவில்லாமல் ஓரளவு கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்கள்தான் ஸ்டீயரிங்கோடு இணைந்திருக்கின்றன. எனவே முன்னால் கோளாறு என்றால் முதலில் கையில் தெரியும். பின் சக்கரத்தில் கோளாறு என்றால் சீட்டிலும் தரையிலும் அதிர்வு தெரியும். ஸ்டீயரிங் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "இடுப்பெல்லாம் அதிருதுப்பா" என்றால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அது முக்கியமான தகவல்.

இரண்டாவது கேள்வி: எப்போது ஆடுகிறது?

இதற்கான பதிலில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது. போக்குவரத்து குறைந்த, நல்ல நிலையில் உள்ள நேர் சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். குறித்துக்கொள்வது அவர் வேலை. ஓட்டுபவர் கண் சாலையை விட்டு அகலக் கூடாது.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்: 80 - 110 கி.மீ-க்குள் வந்து, அதற்கு மேலும் கீழும் குறைந்தால், முதல் சந்தேகம் வீல் பாலன்ஸிங் மீது. சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை.

பிரேக் பிடிக்கும்போது மட்டும்: 90-ல் நேராகப் போகும் கார், பிரேக் மிதித்ததும் ஸ்டீயரிங்கை உதறினால் முன் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'டிஸ்க் பெண்டு' என்பார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது. சுற்றிலும் ஒரே தடிமனில் இல்லாமல் போயிருக்கும். ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவான வித்தியாசமே உதறலுக்குப் போதும். ஏற்காடு, ஊட்டி மாதிரியான மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கி வருவதும், டிஸ்க் கொதிக்கும்போது தண்ணீர் பீய்ச்சி அடிப்பதும் இதற்கு வழி வகுக்கும். ஸ்டீயரிங் சும்மா இருந்து, சீட்டும் பிரேக் பெடலும் மட்டும் துடித்தால் பின் பிரேக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும்: மிதித்தால் நடுங்கி, காலை எடுத்ததும் குறைந்தால், இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டிலோ, இன்ஜின் மவுன்ட்டிலோ தேய்மானம் இருக்கலாம். முழுவதுமாகத் திருப்பி யு டர்ன் எடுக்கும்போது 'டக் டக்' என்று சத்தமும் வந்தால் வெளிப்பக்க ஜாயின்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

30, 40 கி.மீ வேகத்திலேயே தொடங்கினால்: கார் மெல்ல நொண்டுவது மாதிரி இருந்தால் டயரோ ரிம்மோ வட்டமாக இல்லை என்று பொருள். ரிம் அடி வாங்கி நெளிந்திருக்கலாம். டயர் வீங்கியிருக்கலாம். மாதக்கணக்கில் நகராமல் நின்ற காரில், தரையைத் தொட்ட இடம் தட்டையாகிவிடுவதும் உண்டு. இது லேசாக இருந்தால் சில கிலோமீட்டர் ஓடி, டயர் சூடானதும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் டயரைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

நடுக்கத்தோடு 'ம்ம்ம்' என்ற இரைச்சல்: வேகம் கூடக்கூட இரைச்சலும் கூடி, வளைவில் திரும்பும்போது அதன் அளவு மாறினால் வீல் பேரிங் சந்தேகத்துக்குரியது.

பள்ளத்தில் இறங்கியதும் உதறல்: மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் துள்ளி, கடகடவென்று சத்தமும் வந்தால் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கலாம்.

அலைன்மென்ட் வேறு, பாலன்ஸிங் வேறு

நம் உதாரணக் குடும்பம் காசை இழந்தது இந்த இடத்தில்தான். இரண்டு வேலையையும் ஒரே கடையில், ஒரே நாளில் செய்வதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. அது தவறினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். நேராகப் போகும்போதே ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். நடுக்கம் அதன் நேரடி அறிகுறி இல்லை.

பாலன்ஸிங் என்பது ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகக் கழற்றி, மெஷினில் மாட்டிச் சுற்றி, எடை குறைந்த இடத்தில் சிறு உலோகத் துண்டுகளை ஒட்டுவது அல்லது விளிம்பில் அடிப்பது. நெடுஞ்சாலை நடுக்கத்துக்கு முதல் மருந்து இதுதான். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

எனவே, "சார், அலைன்மென்ட் பண்ணிடலாமா?" என்று கேட்டால், "வண்டி இழுக்கலை தம்பி, 90-ல ஸ்டீயரிங் ஆடுது. முதல்ல நாலு டயரையும் பார்த்துட்டு, பாலன்ஸிங் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். டை ராட் எண்ட் மாதிரி ஏதாவது பாகத்தை மாற்ற வேண்டியிருந்தால் அதை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். முதலில் செய்துவிட்டால், பாகத்தை மாற்றியதும் கோணம் மாறிவிடும். மறுபடியும் காசு.

கடைக்குப் போகும் முன் வாசலிலேயே பார்க்கக்கூடியவை

காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, வெளிச்சத்தில் ஒரு சுற்று வாருங்கள். பத்து நிமிட வேலை.

1. ரிம்முக்குள் சேறு: மழைக்காலத்தில் வயல் பக்கமோ மண் பாதையிலோ போய் வந்தால், ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும் காய்ந்த சேறு, மேலே சொன்ன 30 கிராம் வேலையைச் செய்துவிடும். ஊரிலிருந்து திரும்பும்போது திடீரென்று தொடங்கிய நடுக்கம் என்றால் முதலில் இதைக் கழுவிப் பாருங்கள். தண்ணீரோடு பிரச்னை போய்விடலாம்.

2. எடைத் துண்டு இருக்கிறதா: ரிம்மில் பாலன்ஸிங் துண்டு ஒட்டியிருந்த இடத்தில் சதுரமாகப் பசைத் தடம் மட்டும் இருந்தால், துண்டு விழுந்துவிட்டது. காரை அழுத்தமான தண்ணீரில் கழுவிய பிறகு நடுக்கம் தொடங்கியிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம்.

3. டயரின் பக்கவாட்டு: இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். உள்பக்கம் தெரியவில்லை என்றால், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எங்காவது முட்டை மாதிரி புடைத்திருந்தால் அந்த இடத்தில் உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுந்துவிட்டது. பஞ்சர் ஒட்டுவதுபோல அதை ஒட்ட முடியாது. டயரை மாற்றுவது ஒன்றே வழி.

4. டயர் பட்டன்: உள்ளங்கையை மெதுவாக வைத்துத் தடவிப் பாருங்கள். கம்பி வெளியே தெரியும் டயராக இருந்தால் கை வைக்காதீர்கள். ஓரிடம் மட்டும் மேடாக இருந்தாலோ, மேடு பள்ளமாக அலை அலையாக இருந்தாலோ கடையில் காட்டுங்கள். பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ரப்பர் மேடு, பட்டனோடு சமமாகிவிட்டால் மீதமிருக்கும் ஆழம் 1.6 மி.மீ மட்டுமே. அத்தோடு அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

5. டயரின் வயது: பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1419 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 14-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும், வயதான ரப்பர் உள்ளே இறுகிப் பிளவுபடும். குறைவாக ஓடும் வீட்டுக் கார்களில் இதுதான் பொதுவான சிக்கல்.

6. காற்று: டயர் ஆறியிருக்கும்போது நான்கிலும் அளந்து பாருங்கள். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். காற்று குறைந்த டயர் வளைந்து வளைந்து சூடாகும். டயருக்குள் அடுக்குகள் பிரிவதற்கு அந்தச் சூடே பெரிய காரணம்.

7. நட்டுகள்: சமீபத்தில் பஞ்சர் ஒட்டியதா, சர்வீஸ் விட்டதா? அதற்குப் பிறகு நடுக்கம் வந்திருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். வீல் ஸ்பானரை எடுத்து நட்டுகளை முதலில் பாருங்கள்.

நட்டு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

லூஸான நட்டு, நடுக்கத்திலேயே மிக ஆபத்தான காரணம். அந்த நடுக்கம் நாளுக்கு நாள் இல்லை, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கூடும். கூடவே 'கட் கட்' என்ற சத்தமும் வரலாம். சக்கரமே கழன்று ஓடும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம் இது.

நட்டை அளவுக்கு மேல் முறுக்குவதும் தப்புதான். ஏர் கன்னில் கண்டபடி இறுக்கினால் போல்ட்டின் மரை போகும். ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்று இறுகினால் பிரேக் டிஸ்க் சீராக உட்காராமல், கொஞ்ச நாளில் பிரேக் பிடிக்கும்போது உதற ஆரம்பிக்கும். சிறிய கார்களுக்கு வீல் நட்டின் இறுக்கம் பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்கு உரிய சரியான அளவு மேனுவலில் இருக்கிறது. அடுத்தடுத்த நட்டை வரிசையாக முறுக்காமல், எதிரெதிராக முறுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் 50 முதல் 100 கி.மீ ஓடியதும் இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

வெளிக் கடையில் வாங்கிப் போட்ட அலாய் வீல் என்றால் இன்னொன்றும் உண்டு. ரிம்மின் நடு ஓட்டை, காரின் ஹப்பைவிடப் பெரியதாக இருந்தால் சக்கரம் நடுவில் உட்காராது. எத்தனை முறை பாலன்ஸிங் செய்தாலும் நடுக்கம் போகாது. நடுவில் பொருத்தும் ஒரு சிறிய வளையம்தான் இதற்குத் தீர்வு.

கடையில் பக்கத்தில் நின்று பாருங்கள்

கண்ணாடி அறையில் ஏ.சி-யில் உட்கார்ந்துவிடாமல், அனுமதி கேட்டு ஒரு பத்து நிமிடம் வேலை நடக்கும் இடத்தின் ஓரத்தில் நில்லுங்கள்.

மெஷினில் சக்கரம் சுற்றும்போது ரிம்மின் விளிம்பையும் பட்டனையும் கவனியுங்கள். ஒரே கோட்டில் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் அலைபாய்ந்தாலோ, மேலும் கீழும் குதித்தாலோ உங்கள் கண்ணுக்கே தெரியும். எடை போட்டபின் மெஷின் இரு பக்கமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். ரிம்மில் பழைய துண்டுகள் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு, சுத்தம் செய்துவிட்டு முதலிலிருந்து செய்யச் சொல்லுங்கள். டயருக்குள் பஞ்சர் திரவம் ஊற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்தத் திரவம் ஒரு பக்கம் தேங்கி எடைக் கணக்கையே குழப்பிவிடும்.

கார் தூக்கியிருக்கும்போதே, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு விதமாகவும் ஆடினால் பேரிங் மீது சந்தேகம் கூடும். இதை வீட்டில் ஜாக்கி போட்டு நீங்களே செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் தலையைக் கொடுக்கக் கூடாது.

பாலன்ஸிங் செய்தும் திரும்பி வந்தால்..?

நம் குடும்பத்தின் கதைக்கு வருவோம். இரண்டாவது முறை கடைக்குப் போனபோது பாலன்ஸிங் செய்தார்கள். நடுக்கம் காணாமல் போனது. "அப்பாடா" என்று நிம்மதி. மூன்று வாரம் கழித்து மீண்டும் எட்டிப் பார்த்தது. இந்த முறை 60-லேயே லேசாகத் தெரிந்தது.

"போன வாரம்தானே சார் ஜீரோ காட்டுச்சு?" என்று கடைத் தம்பிக்கும் குழப்பம்.

இந்த இடத்தில் பலர் செய்வது, இன்னொரு கடைக்குப் போய் மறுபடியும் பாலன்ஸிங். அல்லது, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று பழகிக்கொள்வது. இரண்டுமே தவறு. பாலன்ஸிங் செய்த சக்கரம் காரணமில்லாமல் சில வாரங்களில் எடை மாறாது. துண்டு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்றால், டயரே உருமாறிக்கொண்டிருக்கிறது.

நல்லவேளையாக, அந்தக் கடையின் மூத்த மெக்கானிக் ஒரு எளிய சோதனை செய்தார். முன் சக்கரங்கள் இரண்டையும் பின்னால் மாட்டி, பின் சக்கரங்களை முன்னால் மாட்டினார். ஒரு திசையில் மட்டும் சுற்ற வேண்டிய டயர் என்றால் அதே பக்கத்திலேயே முன்பின் மாற்ற வேண்டும். பிறகு பைபாஸ் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்டீயரிங் அசையவில்லை. ஆனால், பின் சீட் அதிர்ந்தது. நடுக்கம் சக்கரத்தோடு சேர்ந்து பின்னால் போய்விட்டது! அப்படியானால் கோளாறு ஸ்டீயரிங்கிலோ சஸ்பென்ஷனிலோ இல்லை; அந்த இரண்டு சக்கரங்களில் ஒன்றில் இருக்கிறது. சக்கரம் மாற்றியும் நடுக்கம் ஸ்டீயரிங்கிலேயே இருந்திருந்தால் ஹப், பேரிங், ஜாயின்ட் பக்கம் தேடியிருக்க வேண்டும். பெரிய செலவுள்ள பாகங்களை ஊகத்தில் மாற்றுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

காரைத் தூக்கி, சந்தேகப்பட்ட சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். பட்டனுக்கு நேராக ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தார். சுற்று முழுவதும் தொடாத சாக்பீஸ், ஓரிடத்தில் மட்டும் 'சர்ரக்' என்று உரசியது. அந்த இடத்தில் பட்டன் மெலிதாக மேடு தட்டியிருந்தது. வெளியே வெடிப்பு எதுவும் இல்லை. உள்ளே, ரப்பருக்கும் இரும்புக் கம்பி அடுக்குக்கும் இடையே இருந்த ஒட்டு விட்டுப்போயிருந்தது. எப்போதோ ஒரு பள்ளத்தில் வாங்கிய அடியோ, காற்று குறைவாக ஓடிய நாள்களோ காரணமாக இருந்திருக்கலாம்.

மெஷின் ஜீரோ காட்டியதும் உண்மைதான். பாலன்ஸிங் மெஷின் எடையைத்தான் அளக்கிறது. டயர் வட்டமாக இருக்கிறதா என்பதை எல்லா மெஷினும் அளப்பதில்லை. மேடு தட்டிய டயருக்கும் எதிர்ப்பக்கம் எடை ஒட்டி ஜீரோ கொண்டுவந்துவிடலாம். ஆனால், மேடு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஒரு நாள், 100 கி.மீ வேகத்தில், கொதிக்கும் மதிய வெயிலில், நான்கு பேரும் அவர்களின் பெட்டிகளும் ஏறிய பாரத்தோடு ஓடும்போது பட்டன் மொத்தமாக உரிந்துகொண்டு போகலாம். முன் சக்கரத்தில் அது நடந்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. பின் சக்கரத்தில் நடந்தால் கார் சுழன்றுவிடும். பின் சீட்டில் பாட்டியும் பேரனும் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், மூன்று வாரத்தில் திரும்பி வந்த அந்த நடுக்கம் ஓர் உதவிதான்.

அந்த டயரோடு அதன் ஜோடியையும் மாற்றினார்கள். ஒரே அச்சில் ஒரு புது டயரும் ஒரு தேய்ந்த டயரும் இருப்பது நல்லதல்ல என்பதால் ஜோடியாக மாற்றுவதே வழக்கம்.

எப்போது உடனே ஓரம் கட்ட வேண்டும்?

எல்லா நடுக்கத்துக்கும் பதற வேண்டியதில்லை. சேறோ, விழுந்த எடைத் துண்டோ காரணமென்றால் வேகத்தைக் குறைத்து ஊர் போய்ச் சேரலாம். ஆனால், கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பயணத்தைத் தொடர வேண்டாம்.

* நடுக்கம் திடீரென்று தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் கூடுகிறது.
* சக்கரத்தின் பக்கமிருந்து 'கட் கட்', 'டப் டப்' என்ற சத்தம் வருகிறது.
* டயரின் பக்கவாட்டில் புடைப்பு, பட்டனில் மேடு அல்லது கம்பி தெரிகிறது.
* ரப்பர் கருகும் வாடை வருகிறது. ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் அனல் அடிக்கிறது.
* ஸ்டீயரிங் திருப்பியும் கார் உடனே திரும்பாமல் தாமதமாகத் திரும்புகிறது.

இப்படி நேர்ந்தால் சடன் பிரேக் அடிக்காதீர்கள். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைந்ததும் இடது ஓரம் ஒதுங்குங்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். வீட்டாரைக் காரை விட்டு இறக்கி, சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகையைக் காருக்குப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம். ஸ்டெப்னி மாட்டினால், அது மற்ற டயர்களின் அளவுதானா என்று பாருங்கள். பல கார்களில் ஸ்டெப்னி சிறியது; 80 கி.மீ வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மீதே ஒட்டியிருக்கும்.

அடுத்த பயணத்துக்கு முன்...

பொங்கலுக்கோ, தீபாவளிக்கோ, கோயில் திருவிழாவுக்கோ ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் இரவு டயர் கடைகளில் கூட்டம் அலைமோதும். அந்த அவசரத்தில் காற்றடிப்பதோடு வேலை முடிந்துவிடும். ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். போகும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டில் நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது? கையில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? பிரேக்கா, ஆக்ஸிலரேட்டரா, சும்மா ஓடும்போதா? கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றியது எப்போது?

"ஸ்டீயரிங் ஆடுது, பார்த்துடுங்க" என்று சொல்வதற்கும், இந்தச் சீட்டை நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதைக் கேட்டால் கடைக்காரர் ஊகிக்க வேண்டும். ஊகத்துக்கான காசு உங்கள் பையிலிருந்து போகும். இரண்டாவதைப் பார்த்தால் அவர் நேராக அந்த இடத்துக்கே போவார்.

அந்தக் குடும்பம் அடுத்த முறை ஊருக்குப் போனபோதும் செங்கல்பட்டைத் தாண்டியதும் வேகம் 90-ஐத் தொட்டது. மனைவி ஒரு நொடி கணவரின் கைகளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டி வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.